நோயாளியாக நடிக்கவும் நோயாளிப் பொம்மையை இயக்கவும்: குமரி மாவட்டத்தில் இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

"மூணு நாளாட்டு ஒரே கிறக்கமா இருக்கு மக்கா."

கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா இப்படிச் சொன்னதும், எதிரே நின்ற மாணவர் தாளில் 'மயக்கம்' என்று எழுதிக்கொண்டார். வடக்கே வேறொரு மாவட்டத்திலிருந்து படிக்க வந்தவர். நம் ஊரில் கிறக்கம் என்றால் தலை சுற்றல். நினைவு தப்பி விழுவது வேறு, அதற்குத் தேடவேண்டிய காரணங்களும் வேறு. "எங்கயாவது விழுந்துட்டீங்களாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெளிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. ஏழு நிமிடம் கழித்து மணி அடித்தபோது தவறான பாதையில் வெகுதூரம் போயிருந்தார்.

அந்த அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நோயாளியாக நடிக்க வந்திருந்தார். மணி அடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "கிறக்கம்னா என்னன்னு நீங்க கேக்கவே இல்லியே மக்கா, கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். அந்த மாணவர் இனி எந்த வார்டிலும் அந்தச் சொல்லைத் தாண்டிப் போகமாட்டார்.

நான் நர்ஸ். வார்டில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது இந்த மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் ஸ்கில் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். "அக்கா, இதுல வேலை உண்டா? எப்படி வாறது?" என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். நர்சிங் முடித்த பிள்ளைகள், 108 வண்டியில் இருந்தவர்கள், நாடகத்தில் நடித்தவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எனப் பலர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

இது என்ன வேலை

மருத்துவம், நர்சிங் படிக்கிற பிள்ளைகள் உண்மையான நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் பழகிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அதுதான் ஸ்கில் லேப். அங்கே இரண்டு விதமான 'நோயாளிகள்' உண்டு. ஒன்று, குறிப்பிட்ட நோயாளியின் கதையைக் கற்றுக்கொண்டு அப்படியே நடிக்கிற மனிதர். ஸ்டாண்டர்டைஸ்டு பேஷண்ட் என்பார்கள், நாங்கள் சுருக்கமாக எஸ்.பி. என்போம். இன்னொன்று மேனிகின், அதாவது நோயாளிப் பொம்மை. லேபில் எல்லோரும் டம்மி என்றுதான் சொல்வோம்.

முதல் எஸ்.பி.யைப் பயிற்றுவித்தவர் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர். 1963-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு பெண்ணுக்கு நரம்பு நோயாளியின் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்து மாணவர்கள் முன் உட்கார வைத்தார். சினிமாக்காரர் வேலை என்று அப்போது கேலி செய்தார்கள். 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 'ஆஸ்கி' என்ற தேர்வு முறையைக் கொண்டுவந்தார். மணி அடிக்க அடிக்க மாணவர்கள் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்வார்கள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு வேலை இருக்கும். சில மேசைகளில் ஒரு நோயாளி உட்கார்ந்திருப்பார். அந்த நாற்காலிதான் எஸ்.பி.யின் இடம்.

டம்மியின் கதை நார்வேயில் தொடங்குகிறது. பொம்மை செய்து விற்றுக்கொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டால் 1960-ல் 'ரிசஸ்சி ஆன்' என்ற உயிர்மீட்புப் பயிற்சிப் பொம்மையைச் செய்தார். இன்று நீங்கள் எந்த சி.பி.ஆர். (நின்ற இதயத்துக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் முதலுதவி) வகுப்புக்குப் போனாலும் அவளையோ அவள் வம்சத்தில் வந்த ஒரு பொம்மையையோதான் அழுத்தப் போகிறீர்கள்.

இந்தியாவில் 2019-ல் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் புதிய பாடத்திட்டம் வந்தபோது ஸ்கில் லேபும், நோயாளியிடம் பேசும் முறையும் படிப்பின் பகுதியாயின. அதற்குப் பின் வந்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்திலும் லேப் பயிற்சிக்கு மணிநேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, குலசேகரத்தில் தனியார் மருத்துவக் கல்லூரி, நாகர்கோவில் தொடங்கி மார்த்தாண்டம் தாண்டியும் நர்சிங் கல்லூரிகள் என்று இருக்கிற நம் மாவட்டத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

முதலில்: நீங்கள் எந்தப் பக்கம்?

எஸ்.பி.யாக வர மருத்துவப் படிப்பு வேண்டாம். சொல்லப்போனால் மருத்துவம் தெரியாதவர்தான் நல்லது. தெரிந்தவர்கள் நோயாளி பேசுவதுபோல் பேசமாட்டார்கள். "இடது கையில் பரவுகிறது" என்பார்கள். நோயாளி "இந்தக் கையும் கூடச் சேந்து கடுக்குது" என்பார். பதினெட்டு வயது தாண்டியிருந்தால் போதும். எல்லா வயதும், எல்லா உடல்வாகும் தேவை. ஐம்பது அறுபது வயதுக்காரர்களைத்தான் நாங்கள் அதிகம் தேடுகிறோம், அந்த வயதுக் கேஸ்கள் அதிகம் என்பதால்.

லேப் டெக்னீஷியன் அல்லது ஒருங்கிணைப்பாளராக வர, நர்சிங், பயோமெடிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், அவசர மருத்துவப் பணி என்று ஏதாவது ஓர் அடிப்படை இருந்தால் நல்லது. ஆசிரியராக நின்று பயிற்சி நடத்த எம்.எஸ்சி. நர்சிங்கோ மருத்துவப் பட்டமோ தேவைப்படும். டம்மி விற்கும் நிறுவனங்களிலும் வேலை உண்டு. கல்லூரி கல்லூரியாகப் போய்க் கருவியை இயக்கிக் காட்டிச் சொல்லிக்கொடுப்பவர்கள் அவர்கள். ஊர் சுற்ற மனமிருந்தால் அதுவும் நல்ல தொடக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஸ்.பி. வேலையை மட்டும் நம்பி இப்போது பார்க்கிற வேலையை விடாதீர்கள். தேர்வுக் காலத்தில் அடுத்தடுத்துக் கூப்பிடுவார்கள், அப்புறம் சில மாதம் சத்தமே இருக்காது. மாதச் சம்பளம் என்பது டெக்னீஷியன், ஒருங்கிணைப்பாளர், ஆசிரியர் பக்கம்தான். அங்கும் சிறிய கல்லூரிகளில் ஒரு டியூட்டரிடமே லேப் சாவியையும் கொடுத்துவிடுகிறார்கள். தனிப் பதவி வேண்டுமென்றால் பெரிய கல்லூரிகளையும், திருவனந்தபுரம், சென்னை, கோவை, பெங்களூரு மருத்துவமனைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

போய்க் கேட்பது எப்படி

விளம்பரம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவக் கல்லூரியில் 'மருத்துவக் கல்விப் பிரிவு' என்று ஒன்று இருக்கும். நர்சிங் கல்லூரியில் முதல்வரையோ லேப் பொறுப்பாளரையோ பாருங்கள். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால் போனால் காது கொடுத்துக் கேட்பார்கள். தேர்வு வாரத்தில் போனால் யாருக்கும் நிற்க நேரமிருக்காது.

கையில் ஒரு பக்கக் கடிதம் போதும். வயது, என்னென்ன மொழி பேசுவீர்கள், எந்த நாள்களில் வரமுடியும், பழைய ஆபரேஷன் தழும்பு ஏதும் உண்டா என்று எழுதுங்கள். தழும்பை எதற்குக் கேட்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வயிற்றில் பித்தப்பை ஆபரேஷன் தழும்பு இருப்பவரை 'இதுவரை ஆபரேஷனே இல்லை' என்ற கேஸில் உட்கார வைத்தால் மாணவர் குழம்பிப் போவார். மலையாளம் பேசுவீர்கள் என்றால் தவறாமல் எழுதுங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வார்டுகளில் பாதிப் பேச்சு அப்படித்தான் இருக்கும், அதற்கும் பிள்ளைகள் பழக வேண்டும்.

கடற்கரைப் பேச்சு, மலையோரப் பேச்சு, தோவாளைப் பக்கத்துப் பேச்சு எல்லாமே எங்களுக்கு வேண்டும். "ரெண்டு நாளாட்டு தீனம்" என்று ஒரு பாட்டி சொன்னால் அது நோய் என்று புரியாமல் நிற்கிற மாணவரை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் கொண்டுவருகிற பெரிய சொத்து இந்தப் பேச்சு. நடிக்கும்போது புத்தகத் தமிழுக்கு மாறிவிடாதீர்கள்.

கேஸ் தாளைப் படிப்பது

தேர்ந்தெடுத்ததும் ஒரு கேஸ் தாள் தருவார்கள். இரண்டு மூன்று பக்கம் இருக்கும். உதாரணத்துக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன்.

ஐம்பத்திரண்டு வயது ஆண். மலையடிவாரத்தில் ரப்பர் பால்வெட்டு. விடியற்காலை மூன்று மணிக்கே தோட்டத்துக்குப் போகிறவர். இன்று காலை மேட்டில் ஏறும்போது நெஞ்சுக்குள் அமுக்கியது. உட்கார்ந்தார், குறையவில்லை. மச்சினன் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

தாளில் உள்ள தகவல்கள் மூன்று அடுக்காக இருக்கும். முதல் அடுக்கு, நீங்களாகவே சொல்ல வேண்டியது: "நெஞ்சுல ஏதோ பாரத்தத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு டாக்டர்." இந்த வரியை ஓர் எழுத்து மாறாமல் ஒவ்வொரு மாணவரிடமும் சொல்ல வேண்டும். இரண்டாவது அடுக்கு, கேட்டால் சொல்ல வேண்டியது: வேர்த்து ஊற்றியது, இடது கை கடுக்கிறது, பத்துக்கு ஏழு என்ற அளவில் வலி, தினமும் ஒரு கட்டு பீடி. மூன்றாவது அடுக்குதான் ஆழம். அப்பா ஐம்பது வயதில் திடீரென்று போய்விட்டார் என்பதைக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரையை ஒரு மாதமாக நிறுத்திவிட்டார் என்பதை, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று குற்றம் சாட்டாத குரலில் கேட்டால் மட்டுமே சொல்ல வேண்டும். அடுத்த மாதம் மகள் கல்யாணம், அதனால் ஆஸ்பத்திரியில் படுக்க மனமில்லை என்பதை, "வேற ஏதாவது கவலை உண்டா?" என்று நின்று கேட்கிற மாணவரிடம் மட்டும்.

புதிதாக வருகிறவர்கள் தவறுவது இங்கேதான். பிள்ளை திணறுவதைப் பார்த்ததும் மனம் இளகி, கேட்காததையும் சொல்லிவிடுவார்கள். அது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற உதவி இல்லை. நாளைக்கு உண்மையான பால்வெட்டுக்காரர் தானாகச் சொல்லமாட்டார்.

தாளில் இல்லாததைக் கேட்டால் என்ன செய்வது? உடம்பைப் பற்றிய கேள்வி என்றால் "அப்படி ஒண்ணும் இல்ல" என்று சொல்லுங்கள். புதிய நோயை மட்டும் உண்டாக்கிவிடாதீர்கள். ஒருமுறை ஓர் அண்ணாச்சி, கதைக்கு அழகு சேர்க்கும் நினைப்பில், "ராத்திரி இருமுனா லேசா ரத்தம் வரும்" என்று சேர்த்துவிட்டார். அந்த மாணவர் நெஞ்சுவலியை விட்டுவிட்டுக் காசநோய்ப் பக்கம் போய்விட்டார். உடம்புக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதுபோல வந்தால், உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்தே சொல்லுங்கள். அதுதான் தடுமாறாது.

படிக்கும் முறை: தாளை மனப்பாடம் செய்யாதீர்கள். அந்த மனிதரின் ஒரு நாளை, எழுந்ததிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை, வீட்டில் யாரிடமாவது உங்கள் வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். அப்புறம் அவர்களைக் குறுக்குமறுக்காகக் கேட்கச் சொல்லுங்கள். எந்தத் திசையிலிருந்து கேட்டாலும் பதில் அதே இடத்திலிருந்து வருகிறது என்றால் தயார்.

நாற்காலியில் உட்காரும் நாள்

கொடை விழா நாடகத்திலும் வில்லுப்பாட்டிலும் கடைசி வரிசை ஆளுக்கும் கேட்க வேண்டும், அதனால் குரலும் கையும் பெரிதாக இருக்கும். இங்கே பார்வையாளர் ஒரே ஒருவர், மூன்றடி தூரத்தில். நெஞ்சுவலிக்காரர் கத்தமாட்டார். அசையாமல் உட்கார்ந்திருப்பார், பேச்சு நடுவில் நின்று நின்று வரும், எங்கே வலி என்று கேட்டால் ஒற்றை விரலால் காட்டாமல் உள்ளங்கையையோ மூடிய கையையோ நடு நெஞ்சில் வைப்பார். அதைச் செய்தாலே போதும்.

ஒரு காலையில் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் வருவார்கள். பன்னிரண்டாவது பிள்ளைக்கும் முதல் பிள்ளைக்குக் கிடைத்த அதே நோயாளி கிடைக்க வேண்டும். தேர்வு நியாயமாக இருப்பது அதில்தான். பதினொரு மணிக்கு மேல் அலுப்பில் குரல் தட்டையாகிவிடும், பதில்கள் வேகமாகிவிடும். ஒவ்வொரு மணிக்கும் இடையில் எழுந்து நின்று, ஒரு வாய்த் தண்ணீர் குடித்து, தொடக்க வரியை மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு உட்காருங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஆண்கள் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போடுங்கள், ஸ்டெதாஸ்கோப் வைக்க எளிது. வாசனைத் தைலம், அழுத்தமான சென்ட் வேண்டாம்.

சில இடங்களில் நடிப்பு முடிந்ததும் ஒரு செக்லிஸ்ட் தருவார்கள். பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டாரா, தொடுவதற்கு முன் அனுமதி கேட்டாரா, கை கழுவினாரா என்று கேட்டிருப்பார்கள். நடிக்கிறபோதே இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாதி மனம் நோயாளியாக, பாதி மனம் சாட்சியாக இருக்கிற வேலை இது, பழக இரண்டு மூன்று அமர்வு பிடிக்கும்.

திருப்பிச் சொல்வது

என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் மதிப்பு மிகுந்த ஐந்து நிமிடம் இதுதான். உண்மையான நோயாளி, தன் முகத்தைப் பார்க்காமல் பேசிய டாக்டரிடம் ஒன்றும் சொல்லமாட்டார், வெளியே வந்து மச்சினனிடம் சொல்வார். அந்த டாக்டருக்கு அது கடைசி வரை தெரியாது. நீங்கள் அதை அவரிடமே சொல்கிறீர்கள்.

சொல்வதற்கு ஒரு முறை உண்டு. என்ன நடந்தது, அப்போது நோயாளியாக எனக்கு என்ன தோன்றியது, இவ்வளவுதான். "நீங்கள் எழுதிக்கொண்டே, தலை தூக்காமல், பீடி குடிப்பீங்களா என்று கேட்டபோது, நான் குடிப்பதைக் குறைத்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது." "மகள் கல்யாணம் என்று சொன்னதும் பேனாவை மூடி வைத்தீர்கள். அப்போதுதான் இவரிடம் சொல்லலாம் என்று நம்பிக்கை வந்தது." இப்படி.

"நல்லா பண்ணினீங்க" என்பது பயன்படாது. "நீங்க திமிரா பேசினீங்க" என்பதும் கூடாது, அது ஆளைப் பற்றிய தீர்ப்பு. "ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லலியே" என்றும் சொல்லாதீர்கள். மருத்துவம் சரியா தவறா என்பது ஆசிரியர் பார்க்க வேண்டியது. உங்கள் எல்லை நோயாளியின் அனுபவம். அதில் உங்களை விடப் பெரிய அதிகாரி அந்த அறையில் யாரும் இல்லை.

ஒரு நாள் ஜனவரிக் காலை. ஒரு மாணவி ஸ்டெதாஸ்கோப்பின் முகப்பை உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்திருந்து, சூடேறியதும் முதுகில் வைத்தாள். தேர்வாளர் கவனிக்கவில்லை, செக்லிஸ்டிலும் அதற்குக் கட்டம் இல்லை. நோயாளியாக இருந்த அக்கா மட்டும் கடைசியில் சொன்னார்: "அந்த இரும்பு சில்லுன்னு இருக்கும்னு முதுக இறுக்கி வச்சிருந்தேன் மோளே. நீ சூடாக்கி வச்சே. அதுக்கப்புறம் நீ கேட்டதுக்கெல்லாம் எனக்குப் பதில் வந்தது." அவள் கண் கலங்கிவிட்டது. வார்டிலும் அவள் அப்படியே செய்கிறாள்.

உங்கள் உடம்பு, உங்கள் எல்லை

ஒப்புக்கொள்வதற்கு முன் கேட்க வேண்டியவை: எத்தனை மணி நேரம், எத்தனை மாணவர்கள், உடலின் எந்தப் பகுதியைத் தொடுவார்கள், வீடியோ எடுப்பார்களா, எடுத்தால் யார் பார்ப்பார்கள், பயணச் செலவும் சாப்பாடும் தருவார்களா, கூலி எப்போது கையில் வரும். கூலி கல்லூரிக்குக் கல்லூரி மாறும், பெரும்பாலும் நாள் கணக்குதான். வாய்ப் பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசி போட, ரத்தம் எடுக்க, மாத்திரை விழுங்க யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அதற்கெல்லாம் பிளாஸ்டிக் கையும் டம்மியும் இருக்கின்றன. மார்பகம், பிறப்புறுப்பு, மலக்குடல் பரிசோதனைகளுக்கு எங்கள் லேபில் மனிதரை வைப்பதே இல்லை. பெண்கள் நடிக்கும்போது அறையில் இன்னொரு பெண் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை.

அப்புறம், நடிப்பு நடிப்பாக இல்லாமல் போகும் நேரம் ஒன்று உண்டு. தலைவலிக் கேஸுக்கு வந்த ஓர் ஐயாவின் பி.பி.யை மாணவர் அளந்தபோது 180-க்கு மேல் காட்டியது. தாளில் 130 என்று இருந்ததால் மாணவர் தன் அளவுதான் தவறு என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார். ஐயாவும் தலைவலி தேர்வுக்காக நடிக்கும் தலைவலிதானே என்று பொறுத்துக்கொண்டார். நல்லவேளையாக இன்னொரு மாணவருக்கும் அதே அளவு வந்து, அவர் ஆசிரியரைக் கூப்பிட்டார். காலையில் வந்ததுமே எல்லோருக்கும் பி.பி. பார்த்திருக்க வேண்டும், நாங்கள் பார்க்கவில்லை. அது என் தவறுதான், இன்றும் மனதில் இருக்கிறது. இப்போது யாராக இருந்தாலும் முதலில் பி.பி., சர்க்கரை பார்க்கிறோம். உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்றால் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருக்கிறோம்: "இது கேஸ் இல்ல." இந்த மூன்று சொல் காதில் விழுந்தால் தேர்வு நிற்கும். நீங்கள் போகும் இடத்தில் இப்படி ஒன்று இல்லையென்றால், முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

டம்மி பக்கம் வருகிறவர்களுக்கு

டெக்னீஷியன் வேலையில் பாதி கழுவுவது, துடைப்பது, காய வைப்பது. இதைச் சொன்னால் சிலருக்கு ஆர்வம் குறைந்துவிடும், ஆனால் லேப் நிற்பதே அதில்தான்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, போதாததற்குக் கடல் காற்று. ஊசி பழகும் பிளாஸ்டிக் கையில் சிவப்புச் சாயத் தண்ணீரை ஓடவிட்டுப் பயிற்சி செய்வார்கள். முடிந்ததும் அதை வடித்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி, குழாய்களை முழுக்க உலர்த்தாமல் பெட்டியில் வைத்தால் கொஞ்ச நாளில் உள்ளே பூஞ்சை பிடித்து நாற்றமெடுக்கும். பேட்டரியைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் முனைகளில் பச்சை பூக்கும்.

டம்மியின் தோலில் செய்தித்தாள் படக்கூடாது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஈரம் உறிஞ்சட்டும் என்று ஒரு குழந்தை டம்மியைப் பேப்பரில் சுற்றி வைத்துவிட்டார். திறந்து பார்த்தால் தொடையில் அச்செழுத்து தலைகீழாக ஏறியிருந்தது. எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பால்பாயிண்ட் பேனா, மார்க்கர், பழுப்பு நிற அயோடின் மருந்து எல்லாமே அப்படித்தான். காயம் துடைக்கப் பழக்கும்போது வெறும் தண்ணீரை வைத்து 'இதுதான் மருந்து' என்று சொல்லிக்கொடுங்கள். பழைய மருந்துக் குப்பிகளைப் பயிற்சிக்கு வைத்திருந்தால் ஒவ்வொன்றிலும் 'பயிற்சிக்கு மட்டும்' என்று ஒட்டிப் பூட்டி வையுங்கள். அதில் ஒன்று வார்டுக்குப் போய்விட்டால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டுப்பாட்டு அறை சுவையான இடம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நாடித் துடிப்பு, ஆக்சிஜன் அளவு, மூச்சுச் சத்தம் எல்லாவற்றையும் நீங்கள்தான் மாற்றுவீர்கள். ஆக்சிஜன் 86-ல் இருக்கிறது, மாணவர் முகமூடி வைத்துவிட்டார் என்று வையுங்கள். உடனே 98-க்கு ஏற்றிவிடாதீர்கள். இரண்டு நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏற்றுங்கள், அந்த இரண்டு நிமிடம் காத்திருக்கப் பழகுவதும் பாடம்தான். டம்மியின் குரலும் மைக் வழியாக நீங்கள்தான். "மூச்சு முட்டுது மக்கா, ஜன்னலத் தொறங்க" என்று சொல்லும்போது மாணவர்கள் பொம்மையின் கையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

சி.பி.ஆர். உங்களுக்குத் தூக்கத்திலும் வர வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் 6-ஐத் தாண்டாமல், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. நெஞ்சு முழுக்க மேலெழும்பிய பிறகே அடுத்த அழுத்தம். மாணவர் டம்மியை அடைந்ததிலிருந்து முதல் அழுத்தம் வரை எத்தனை நொடி ஆனது என்று குறித்து வையுங்கள். பின்னால் நடக்கும் கலந்துரையாடலில் அந்த ஓர் எண் எல்லாவற்றையும் பேசும். பயிற்சி பத்து நிமிடம் என்றால், உட்கார்ந்து பேசுவதற்கு இருபது நிமிடமாவது ஒதுக்குவது வழக்கம். அதைக் குறைத்து இன்னொரு முறை ஓட்டலாமே என்று சொல்கிறவர்களுக்கு இணங்காதீர்கள். டம்மியோடு ஓடும்போது கை பழகுகிறது, உட்கார்ந்து பேசும்போதுதான் ஏன் தவறினோம் என்று தெரிகிறது.

காயம், ரத்தம், வியர்வை உண்டாக்கும் ஒப்பனைக்கு மூலாஜ் என்று பெயர். கடையில் வாங்கும் பெட்டி விலை அதிகம், அடுக்களையே போதும். கிளிசரினும் தண்ணீரும் கலந்து நெற்றியில் தெளித்தால் வியர்வை. ஜவ்வரிசியையோ மரச்சீனி மாவையோ கஞ்சியாகக் காய்ச்சி, சிவப்புச் சாயமும் துளி கோகோ பொடியும் சேர்த்தால் உறைந்த ரத்தம். வாசலினில் டிஷ்யூ காகிதத்தைச் சுருக்கி ஒட்டி மேலே நிறம் தடவினால் தீக்காயக் கொப்புளம். எஸ்.பி.யின் தோலில் போடுவதற்கு முன் உள்முழங்கையில் சிறிது தடவிப் பொறுத்திருந்து பாருங்கள், அரித்தால் வேண்டாம். டம்மியில் போடுவதற்கு முன் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிடுங்கள், சாயம் ஏறாது.

கரண்ட் போகும். யு.பி.எஸ். இருந்தாலும் பயிற்சிக் காட்சியின் காகிதப் பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். திரை அணைந்தால் நீங்களே நாடித் துடிப்பை வாயால் சொல்லித் தொடரலாம்.

சான்றிதழும் வெளிநாடும்

முதலில் எடுக்க வேண்டியது பி.எல்.எஸ்., அதாவது அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி. அமெரிக்க இதயக் கழகத்தின் அட்டை இரண்டு வருடம் செல்லும். லேபில் சில வருடம் ஊன்றிய பிறகு, அமெரிக்காவின் சொசைட்டி ஃபார் சிமுலேஷன் இன் ஹெல்த்கேர் அமைப்பு நடத்தும் தேர்வுகளை யோசிக்கலாம். பயிற்சி நடத்துகிறவர்களுக்கு சி.எச்.எஸ்.இ., கருவி இயக்குகிறவர்களுக்கு சி.எச்.எஸ்.ஓ.எஸ். இரண்டுமே அனுபவம் உள்ளவர்களுக்கானவை. வேலைக்கு வருமுன்பே காசு கட்டி எடுக்கச் சொல்லும் ஏஜென்சி யாராவது வந்தால், கதவைச் சாத்திவிடுங்கள். எஸ்.பி. ஆக எந்தச் சான்றிதழும் கட்டாயம் இல்லை.

இங்கிலாந்துக்குப் போகும் நர்ஸ்கள் அங்கே பதிவு செய்ய ஆஸ்கி தேர்வு எழுத வேண்டும். நம் மாவட்டத்திலிருந்து போகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் இங்கே பழகும்போது, ஆங்கிலத்தில் நோயாளியாகப் பேச ஆள் கிடைப்பதில்லை. ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

வேஷத்தைக் கழற்றுவது

ஒவ்வொரு நாளும் கடைசியாகச் செய்ய வேண்டியது இது. நெஞ்சுவலி, காய்ச்சல் என்றால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே கழன்றுவிடும். துக்கச் செய்தி சொல்லப் பழகும் கேஸ்கள் அப்படியல்ல. கணவர் இறந்துவிட்டார் என்ற செய்தியை ஒரே காலையில் எட்டு முறை கேட்டு எட்டு முறை அழுகிறவரின் உடம்புக்கு அது நடிப்பு என்று தெரியாது. வீட்டில் சமீபத்தில் துக்கம் நடந்திருந்தால் இந்தக் கேஸை ஏற்காதீர்கள். ஏற்ற பிறகு பாதியில் முடியவில்லை என்றாலும் சொல்லிவிடுங்கள், மாற்று ஆள் வைத்திருப்பது லேபின் பொறுப்பு.

முடிந்ததும் நேரே பஸ் ஏறிவிடக்கூடாது. ஆஸ்பத்திரி உடையை மாற்றி, முகம் கழுவி, எங்களோடு கால் மணி நேரம் உட்கார வேண்டும். நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். அந்த அங்கன்வாடி அம்மா முதன்முறையாகத் துக்கக் கேஸ் செய்த அன்று கண் சிவந்து, டீ கிளாஸைப் பிடித்தபடி இருந்தார். "உங்க பேரு என்னம்மா?" என்றேன். தன் சொந்தப் பெயரை, கேஸ் தாளில் இல்லாத பெயரை, மெல்லச் சொன்னார். "இன்னைக்கு வீட்டுல என்ன கறி?"

கொஞ்சம் யோசித்தார். "கிழங்கும் சாளையும்," என்றார். "அவரு இந்நேரம் சாளை வாங்கிட்டு வந்திருப்பாரு."